ஏழு கிலோ

மயக்க டாக்டரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பூங்கொத்து கத்தி பிடித்தவருக்குப் போகும். ஏதாவது ஏடாகூடமானால் மட்டும், "மயக்க ஊசி போட்டது யாரு?" என்று தேடிக்கொண்டு வருவார்கள். முப்பத்தோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. இதில் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்று தெரியும். ஆனாலும் முட்டி வலிக்கிற நாட்களில் கொஞ்சம் புலம்புவேன்.

பெரிய மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்றபின் மூன்று கிளினிக்குகளுக்கு மாற்றி மாற்றிப் போகிறேன். அதில் ஒன்று இந்தக் கொழுப்பு எடுக்கிற கிளினிக். கீழே கண்ணாடிக் கதவு, வரவேற்பறை, சுவர் முழுக்க இடுப்பில் கைவைத்துச் சிரிக்கும் ஒல்லிப் பெண்களின் படங்கள். மாடியில் ஆபரேஷன் தியேட்டரும் இரண்டு கட்டிலும். சர்ஜன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கை சுத்தம், வாய்தான் நீளம். அவர் மனைவி கீழே முன்மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களை எடை பார்த்து, போட்டோ எடுத்து, ஃபைல் எழுதி மேலே அனுப்புவார்.

இங்கே ஆளை முழுசாகத் தூங்க வைப்பதில்லை. மரத்துப்போகிற மருந்தை லிட்டர் கணக்கில் சலைனில் கலந்து, கொழுப்பு இருக்கிற இடத்தில் பீய்ச்சுவார்கள். அந்த இடம் விறைத்து உணர்ச்சி போனதும் மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். நோயாளி அரைத் தூக்கத்தில் பேசிக்கொண்டே கிடப்பார். பத்திரமான முறைதான், ஒரே ஒரு விதியை மதித்தால். ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு மருந்து என்று உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் முதலில் நாக்கு குழறும், பிறகு வலிப்பு வரும், அதன்பிறகு இதயம் நிற்கும். அதுவும் உடனே தெரியாது. கொழுப்பு மருந்தைக் குடித்து வைத்துக்கொண்டு சாவகாசமாக ரத்தத்தில் விடும். காலையில் போட்ட மருந்து, ஆள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் சாயங்காலம் வேலையைக் காட்டும்.

ஆகவே எடைதான் எல்லாம். பழைய மருத்துவமனையில் முதலில் நான் ஏறி, என் எடையை மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு நோயாளியையும் நானே ஏற்றி நிறுத்திப் பார்ப்பேன். நர்ஸ் எழுதியதை நம்ப மாட்டேன், நோயாளி சொல்வதை நம்பவே மாட்டேன். என் முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தராசு' என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்தக் கிளினிக்குக்கு வந்த முதல் நாள் நோயாளி ஏற்கெனவே மேஜையில் படுத்தாகிவிட்டது. எடை மெஷினோ கீழே இருந்தது. ஃபைலில் எண் தெளிவாக எழுதியிருந்தது. போகட்டும், இன்று ஒரு நாள் என்று விட்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. அந்த மாடிப்படியை என் முட்டியோடு இன்னொரு தடவை இறங்கி ஏற வேண்டுமே என்ற சலிப்பு, அவ்வளவுதான். நான்கு மாதத்தில் அது பழக்கமாகவே ஆகிவிட்டது.

அன்று காலை ஏழரைக்குப் படுத்திருந்தவள் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிற வேலை. நாற்பத்திரண்டு வயது. டிரைவர்களைக் கத்திக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. தூக்க மருந்து லேசாக ஏறிய பிறகும் சத்தம் குறையவில்லை. துணைக்கு வந்திருந்த ஓர்ப்படி கீழே உட்கார்ந்திருந்தாள்.

ஃபைலில் எடை அறுபத்தொன்று. வயிறு, இடுப்பின் இரண்டு பக்கம், இரண்டு தொடை. இடம் அதிகம் என்பதால் மருந்து உச்சவரம்பு வரைக்கும் போகும் என்று சர்ஜன் முதலிலேயே சொல்லியிருந்தார். நானும் அறுபத்தொன்றுக்குக் கணக்குப் போட்டு, பைகளை வரிசையாகத் தொங்கவிட்டேன்.

நான் நோயாளியோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன். சர்ஜனுக்கு அது பிடிக்காது, ஏதோ வம்பளக்கிறேன் என்று நினைப்பு. திரையில் ஓடுகிற எண்களைவிட எனக்கு ஒருத்தியின் பேச்சு முக்கியம். வார்த்தை கொஞ்சம் இழுத்தாலும் மருந்து தலைக்கு ஏறுகிறது என்று அர்த்தம்.

வயிறும் இடுப்பும் முடிந்தன. இடது தொடைக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல் வாயைக் கிளறினேன்.

"டிப்போல எத்தனை பேர் வேலை பாக்கறீங்க?"

"நூத்தி இருபது பேர் டாக்டர். பொம்பளைங்க நாங்க நாலே பேர். மூணு மாசம் முன்னாடி ரத்ததான முகாம் போட்டாங்க. அத்தனை ஆம்பளைங்களும் ஊசியப் பாத்துட்டு ஆளுக்கு ஒரு சாக்கு சொல்லி நழுவிட்டானுங்க. நாங்க நாலு பேரும் குடுத்தோம்."

"பரவாயில்லையே. எடையெல்லாம் பாத்துதானே எடுத்தாங்க?"

"பாக்காம? அன்னிக்கு ஐம்பத்தி நாலு இருந்தேன். இங்க வந்து பாத்தா அறுபத்தொண்ணு. மூணே மாசத்துல ஊதிட்டேன் பாருங்க."

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். வீட்டு மெஷினில் குறைவு, உங்கள் மெஷினில்தான் அதிகம் என்பதை ஆயிரம் பேர் வாயால் கேட்டிருக்கிறேன். அதனால் முதலில் காதில் வாங்கவில்லை. ஆனால் ரத்ததான முகாமில் யாரும் எடையில் விளையாட மாட்டார்கள். கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"டிப்போ யூனிஃபார்ம் பேண்ட் இப்ப இடுப்புல ஏறுதா?"

"அதே பேண்ட்தான் டாக்டர், இன்னிக்கும் போட்டுட்டு வந்தேன். அதே கொக்கிதான்."

மூன்று மாதத்தில் ஏழு கிலோ ஏறினால் எந்தக் கொக்கியும் தாங்காது. நோயாளியை விட்டு நான் நகர முடியாது. நர்ஸைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவரில் மணி பார்ப்பதால் அவளுக்கு அங்கே 'கடிகாரம்' என்று பெயர்.

"சிஸ்டர், கீழ இருக்கற எடை மெஷின் சரியாத்தான் காட்டுதா?"

அவள் மாஸ்க்குக்கு மேல் கண்ணை உருட்டினாள். சர்ஜனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் காதருகே வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"ஏழு கிலோ கூட்டிக் காட்டும் டாக்டர். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"என்னது?"

"முன்னாடி இருந்த மயக்க டாக்டர் ஏழு கழிச்சுட்டுத்தான் கணக்குப் போடுவாரு. நீங்களும் மனசுலயே கழிச்சுக்கறீங்கன்னு நெனச்சேன்."

யார் பேச்சையும் நம்புகிற நிலையில் நான் இல்லை. ஒரு லிட்டர் சலைன் பை பத்து கொண்ட பெட்டி ஒன்றைக் கீழே தூக்கிக்கொண்டு போய் அந்த மெஷினில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு லிட்டர் சலைன் ஒரு கிலோ. அட்டைப் பெட்டியோடு சேர்த்துப் பத்தரை, மிஞ்சிப் போனால் பதினொன்று வரும். அவள் ஓடிப்போய்த் திரும்பி வந்து, பதினேழே முக்கால் என்றாள்.

இடது தொடைக்கான பை தீர்ந்திருந்தது. அறுபத்தொன்றுக்குப் பார்த்தால் இன்னும் ஒரு தொடைக்கு இடமிருந்தது. ஐம்பத்துநாலுக்குப் பார்த்தால் நாங்கள் ஏற்கெனவே விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். கடைசிப் பையையும் ஏற்றினால் சாயங்காலம் இவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விடலாம். அந்தப் பையைக் கொக்கியிலிருந்து கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இடது தொடையோட நிறுத்துங்க. இனிமே ஒரு சொட்டு மருந்து கிடையாது" என்றேன்.

சர்ஜன் நிமிர்ந்தார். "என்ன மேடம், விளையாடறீங்களா? வலது தொடை அப்படியே இருக்கு."

"இருக்கட்டும்."

"ஒரு தொடை ஒரு மாதிரி, இன்னொண்ணு ஒரு மாதிரின்னு எப்படி அனுப்பறது? நாளைக்கு வந்து என்னை நாராக் கிழிச்சுடுவாங்க."

"வந்து கிழிக்கறதுக்கு அவங்க இருக்கணும் இல்ல? உங்க மெஷின் ஏழு கிலோ கூட்டிக் காட்டுது."

அவர் கையில் குழாய் நின்றது. நான் எதிர்பார்த்தது அதிர்ச்சி. வந்தது வேறு.

"அதைக் கழிச்சுத்தானே கணக்குப் போட்டீங்க?" என்றார், மெதுவாக.

அவருக்கும் தெரிந்திருந்தது. நர்ஸுக்குத் தெரியும், கீழே இருக்கிற மனைவிக்குத் தெரியும், தரை துடைக்கிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னால் கீழே இருக்கிற மெஷின், ஒரு வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்க வரும்போது உள்ளே இருக்கிற நல்ல மெஷின். வந்தவள் ஏழு கிலோ குறைந்துவிட்டதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுவாள், நாலு பேரிடம் சொல்வாள். இவ்வளவுதான் சூட்சுமம். மயக்க டாக்டர் கழித்துக்கொள்வார் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். என்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்கள் மேல், பாதி என் மேல். நான்கு மாதத்தில் நாற்பது பேருக்காவது அந்தக் கள்ள எடையை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு ஒரு இடம், இரண்டு இடம்தான், மருந்து விளிம்புக்குப் போகவில்லை. அதனால் பிழைத்தார்கள். என் திறமையால் யாரும் பிழைக்கவில்லை.

"கழிக்கல. எனக்குத் தெரியாது. தையல் போட்டு முடிங்க" என்றேன். அவர் இடது தொடையை முடித்துத் தையல் போட்டார்.

பத்தரைக்கு அவளைக் கட்டிலுக்கு மாற்றினோம். வழக்கமாக மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் அனுப்பமாட்டேன் என்றேன். சர்ஜனின் மனைவி மேலே வந்தார். நல்ல பெண்மணிதான், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்.

"டாக்டர், பிரஷர் கொஞ்சம் ஏறிடுச்சு, அதான் ஒரு தொடையை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சிருக்கோம்னு சொல்லிடலாமா? அவங்களும் பயப்பட மாட்டாங்க, உங்களுக்கும் நல்லது."

உங்களுக்கும் நல்லது என்ற இடத்தில் குரலை இன்னும் மிருதுவாக்கினார். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். எடை பார்க்காமல் மருந்து போட்டவள் என்று வெளியே தெரிந்தால், முப்பத்தோரு வருடமும் ஒரே நாளில் தண்ணீரில் போகும். மத்தியானம் வேறு கிளினிக்கில் இருந்த கேஸை வரமுடியாது என்று போனில் சொல்லிவிட்டு, கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்த மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அவள் தூங்கினாள், விழித்தாள், தண்ணீர் கேட்டாள், டிப்போவில் பஸ் ஓட்டுகிறவர்களின் குடும்பக் கதையெல்லாம் சொன்னாள். நான் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கதை வேண்டாம், வார்த்தையின் வாலில் இழுவை இருக்கிறதா என்பதில் மட்டும்தான் கவனம். ஓர்ப்படி இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "எப்ப டாக்டர் கூட்டிட்டுப் போகலாம்?" என்றாள். சாயங்காலம் ஆகட்டும் என்றேன்.

நாலரை மணிக்கு அவள் உதட்டை நாக்கால் தடவினாள்.

"டாக்டர், வாயில என்னவோ ஆணியைக் கடிச்ச மாதிரி இருக்கு. உதடு மரமரங்குது."

இதற்காகத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். கணக்கு விளிம்புக்குள் இருக்கலாம், ஆனால் உடம்பு நம் கணக்கைப் படித்துப் பார்த்து நடப்பதில்லை. ஆக்ஸிஜன் வைத்தேன். நர்ஸ் கடிகாரத்தை அழைத்து அலமாரியிலிருந்து வெள்ளைப் பையை எடுத்து வரச் சொன்னேன். அதை ஸ்டாண்டில் மாட்டி, குழாயை அவள் கை ஊசி வரை கொண்டுவந்து, மூடியைத் திறக்காமல் வைத்துக்கொண்டேன். அவள் அதை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன டாக்டர், பாலா?"

"இல்லம்மா. கொழுப்பு. மருந்து அதிகமானா, அதை இழுத்துப் புடிச்சுக்கறதுக்கு ரத்தத்துல ஏத்தறது."

"காலைல எடுத்ததைச் சாயங்காலம் திருப்பிப் போடறீங்களா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவள் கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கவில்லை.

"பயப்படாம பேசிக்கிட்டே இருங்க. உங்க டிப்போல காலைல கிளம்பற பஸ்ஸையெல்லாம் வரிசையாச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். நாலு ஐம்பது, ஐந்து பத்து, ஐந்து இருபத்தைந்து. எண்கள் தடங்கலில்லாமல் வந்தன. மேலே திரையில் இதயம் ஒரே சீராக ஓடியது. எந்த நொடியும் மூடியைத் திறக்க விரல் தயாராக இருந்தது. ஐந்தரைக்கு உதட்டில் மரமரப்பு குறைந்துவிட்டது என்றாள். ஆறேகாலுக்கு வாயில் அந்த ஆணிச் சுவையும் போனது, டீ கிடைக்குமா என்று கேட்டாள். நான் மாஸ்க்கைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. அழவும் தெம்பில்லை.

ஏழு மணிக்கு டீ குடித்தபடி அவளே கேட்டாள்.

"எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீங்க. இந்தக் கால்ல கட்டே இல்ல. என்ன நடந்துச்சு டாக்டர்?"

கதவருகே சர்ஜனின் மனைவி நின்றுகொண்டிருந்தார். பிரஷர் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எவ்வளவு சுலபம். நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்த இடுப்பு, எப்படியாவது இதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போ என்றது. ஆனால் இவள் காலையிலிருந்து என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"கீழ இருக்கற மெஷின் ஏழு கிலோ கூட்டிக் காட்டுது. உங்களுக்கு அறுபத்தொண்ணுன்னு மருந்து கணக்குப் போட்டேன். பாதியில தெரிஞ்சுது, நிறுத்திட்டேன்" என்றேன்.

வாசலில் நின்றவர் சத்தமில்லாமல் போய்விட்டார். டைம்கீப்பர் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப என் எடை?"

"ஐம்பத்திநாலுதான். நீங்க ஏறவே இல்ல."

காலையிலிருந்து ஓயாத வாய் அப்போதுதான் முதல் தடவையாக ஓய்ந்தது. மருந்தாக இருக்குமோ என்று பயந்து திரையைப் பார்த்தேன். மருந்து இல்லை.

"நான் எனக்குப் பாக்கவே வரல டாக்டர்" என்றாள். "ஓர்ப்படிதான் தனக்குக் கேக்கணும்னு வந்தா, நான் துணைக்கு வந்தேன். சும்மா உக்காந்திருந்தேன். நீங்களும் ஏறிப் பாருங்களேன்னாங்க அந்தம்மா. ஏறினேன். அறுபத்தொண்ணு. எனக்குக் குலையே நடுங்கிடுச்சு. எங்கம்மா இப்படித்தான் திடுதிப்புன்னு ஊதி, அம்பது வயசுல படுத்த படுக்கையானாங்க. அவங்களுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன். அந்தப் பயத்துலதான் சரின்னேன். ஓர்ப்படி கடைசியில வேணாம்னுட்டா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"காலைல மேஜையில படுக்க வைக்கறதுக்கு முன்னாடி நீங்க எடை பாக்க மாட்டீங்களா?"

"பாக்கணும். நான் பாக்கல."

"பாத்திருந்தா?"

மருந்தின் அளவு சரியாக இருந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்டது அதை இல்லை.

"பாத்து, ஐம்பத்திநாலும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன் டாக்டர்."

"ஆமா" என்றேன்.

அவள் கட்டுப்போட்ட காலை ஒரு தடவையும், கட்டில்லாத காலை ஒரு தடவையும் பார்த்தாள்.

"எடை பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாது" என்றேன்.